மண்பானைக்குள் ஒரு பத்திரம்

கடந்த டிசம்பரில் அம்மாவைக் கிள்ளான் வாடகை வீட்டிலிருந்து என்னோடு அழைத்து வந்தேன். முப்பது ஆண்டுக் குடித்தனத்தைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தபோது, அலமாரியின் மேல்தட்டில் துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று கைக்கு வந்தது. திறப்பதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்பா வாங்கிய வீட்டின் தாள்கள். கடைசிவரை கட்டி முடிக்கப்படாத வீடு.

"இதை வெச்சிக்கிட்டு இனிமே என்னம்மா செய்யப் போறோம்? வீசிடலாமா?" என்று கேட்டார் அம்மா.

வாங்கல் ஒப்பந்தம், முன்பணம் கட்டிய ரசீது, வங்கியின் கடிதங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பெயர் அட்டை அளவில் ஒரு சிறு அட்டை. ஓரமெல்லாம் பழுத்திருந்தது. ரோஜாப்பூ படத்தின் கீழே ஒரு வேத வசனம். எரேமியா 29:11.

தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பங்களுக்கு இந்த அட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் வரும் வசனம்தான் அந்த ஆண்டுக்குக் கடவுள் நமக்குத் தரும் வாக்குத்தத்தம். எந்த வசனம் வந்தது என்று வீட்டுக்கு வீடு கேட்டுக்கொள்வார்கள். எரேமியா 29:11 வந்தால் அதிர்ஷ்டம்தான். கடவுள் நம் நன்மையையே எண்ணுகிறார், நல்ல எதிர்காலம் காத்திருக்கிறது என்கிற வசனம் அது.

1996 டிசம்பர் 31 இரவு அப்பா எடுத்த அட்டை அது. எனக்கு அப்போது எட்டு வயது. கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குச் சொந்த வீடு என்பது நெடுநாள் ஆசை. அட்டையைப் பார்த்ததும், "கர்த்தர் பேசிட்டாரு" என்றார். பிப்ரவரியில் ஒரு புதிய வீடமைப்புத் திட்டத்தில் முன்பணம் கட்டினார். ஜூலையில் ஆசிய நிதி நெருக்கடி தொடங்கி ரிங்கிட் சரிந்தது. அடுத்த ஆண்டு மேம்பாட்டாளரின் அலுவலகத்தில் பூட்டுத் தொங்கியது. கூரையில்லாத சுவர்களுக்குள் லாலான் புல் முளைத்தது.

வீடு நின்றுபோனாலும் வங்கிக் கடன் நிற்கவில்லை. கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வங்கி விடுவித்திருந்த பணம் அப்பாவின் பெயரில் இருந்தது. குடியிருந்த வீட்டுக்கு வாடகை, குடியேறாத வீட்டுக்குத் தவணை. 2009இல் கடைசித் தவணையைக் கட்டினார். 2014இல் காலமானார்.

நான் பதின்ம வயதிலேயே அட்டை எடுப்பதை நிறுத்திவிட்டேன். கடவுள் வாக்கு மாறாதவர் என்று யாராவது பிரசங்கித்தால், அந்தக் கூரையில்லாத சுவர்கள்தான் என் கண்முன் வரும்.

வெட்டி எடுத்த ஒரு வரி

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தொழில் புத்தி ஒன்று குறுக்கே வந்தது.

நான் வானொலியில் பேசுகிறவள். ஒருவரிடம் நாற்பது நிமிடம் பேட்டி எடுத்து, அதில் பத்து விநாடியை வெட்டி ஒலிபரப்பினால் அவர் சொன்னதற்கு நேர்மாறான பொருளைக்கூடக் கொண்டுவந்துவிடலாம். எங்களுக்குக் கல்லூரியில் முதல் ஆண்டிலேயே கற்றுத் தந்த பாடம் இது. ஒரு வரியைக் கேட்டால் முன்னும் பின்னும் கேள் என்பார்கள். ஆனால் என் வீட்டையே ஆட்டிவைத்த அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை.

அம்மாவின் பழைய வேதாகமத்தை எடுத்து எரேமியா புத்தகத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன். படித்து முடிக்க நான்கு இரவுகள் ஆயின.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, யூதாவின் இளம் அரசனையும் கைவினைஞர்கள், அதிகாரிகள் என ஆயிரக்கணக்கானோரையும் சிறைபிடித்துக்கொண்டு போனான். மிச்சமிருந்த நாட்டுக்குச் சிதேக்கியாவை அரசனாக்கினான். போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பதே அப்போது ஊரெங்கும் கேள்வி.

அனனியா என்ற தீர்க்கதரிசி கோவிலில் எல்லாரும் கேட்க ஒரு பதில் சொன்னான். இரண்டே ஆண்டு. அதற்குள் அரசன் திரும்புவான், கொள்ளைபோன கோவில் பாத்திரங்கள் திரும்பும், எல்லாரும் வந்துவிடுவார்கள். கூட்டத்துக்கு இனித்திருக்கும். அங்கே எரேமியா கழுத்தில் மரநுகத்தோடு நின்றிருந்தார். பாபிலோனுக்குப் பணிந்தே ஆக வேண்டும் என்பதை ஊருக்குக் காட்டுவதற்காக அவர் சுமந்த நுகம் அது. அனனியாவின் பேச்சைக் கேட்டு அவர் முதலில் சொன்ன சொல் "ஆமென்". அப்படியே ஆகட்டும், எனக்கும் அதுதான் ஆசை என்கிறார். ஆனால் அது கடவுள் சொன்னதல்ல என்று அவருக்குத் தெரியும்.

ஏறக்குறைய அதே காலகட்டத்தில் பாபிலோனிலிருந்த சிறைக்கைதிகளுக்கு எரேமியா ஒரு கடிதம் அனுப்பினார். அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த நகரத்தின் நலனுக்காகவே வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் திரும்பி வரும் வாக்குறுதி வருகிறது. காலக்கெடுவும் கூடவே வருகிறது. எழுபது ஆண்டு.

அப்பாவின் அட்டையில் இருந்தது, இந்தக் கடிதத்தின் ஒரு வரி. எழுபது ஆண்டு என்பது அதற்கு ஒரு வசனம் முன்னால் இருக்கிறது. அட்டையில் அதற்கு இடமில்லை.

அந்தக் கடிதத்தை பாபிலோனில் வாசித்துக் கேட்ட நாற்பது வயதுக்காரரை நினைத்துப் பார்த்தேன். அவருக்குக் கணக்குத் தெரியும். இந்த நன்மையைத் தான் பார்க்கப்போவதில்லை என்று அந்த நிமிடமே புரிந்திருக்கும். பேரப்பிள்ளைகள் பார்க்கலாம். வாக்குறுதி அவரிடம்தான் சொல்லப்பட்டது, ஆனால் அது அவர் ஒருவருக்கானதல்ல.

17 சேக்கல் வெள்ளி

32ஆம் அதிகாரத்துக்கு வந்தபோது இரவு இரண்டு மணி இருக்கும். படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது சிதேக்கியாவின் பத்தாம் ஆண்டு. கி.மு. 587 வாக்கில். சிதேக்கியா கலகம் செய்ததால் பாபிலோனியப் படை திரும்பி வந்து எருசலேமைச் சூழ்ந்து நிற்கிறது. மதிலுக்கு எதிரே முற்றுகை மேடுகள் எழும்பிவிட்டன. உள்ளே பஞ்சமும் கொள்ளைநோயும். நகரம் விழும் என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியாவை அரண்மனைக் காவல் முற்றத்தில் அடைத்துவைத்திருக்கிறார்கள்.

அங்கே அவரைப் பார்க்க வருகிறான் அவருடைய தந்தையின் சகோதரர் மகன் அனாமெயேல். ஆனதோத்தில் உள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். யூதச் சட்டப்படி குடும்ப நிலம் வெளியாருக்குப் போகாமல் மீட்டுக்கொள்ளும் உரிமை நெருங்கிய உறவினருக்கு உண்டு. அந்த உரிமை எரேமியாவுடையது.

ஆனதோத் எருசலேமிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். எரேமியாவின் சொந்த ஊர். சொந்த ஊர் என்பதால் பாசம் பொங்கியிருக்கும் என்று நினைக்காதீர்கள். அவர் வாயை மூடவைக்க அவர் உயிருக்கே குறிவைத்தவர்கள் ஆனதோத்துக்காரர்கள். அதையும் அதே புத்தகம் 11ஆம் அதிகாரத்தில் சொல்கிறது.

கூட்டிப் பாருங்கள். வாங்குகிறவர் காவலில். நிலம் எதிரிப்படை முகாமிட்டிருக்கும் பக்கம். நாடு இன்னும் சில மாதத்தில் இருக்காது, அதை முன்கூட்டிச் சொன்னவரே வாங்குகிறவர்தான். ஊர்க்காரர்களோ அவரைக் கொல்லப் பார்த்தவர்கள். நம் ஊரில் எந்த நில முகவரும் இப்படி ஒரு பேரத்துக்கு ஆளைப் பிடிக்க மாட்டார்.

எரேமியா வாங்கினார். கடவுள் வாங்கச் சொன்னார் என்பதால் வாங்கினார். வாங்கியதைப் புத்தகம் விவரிக்கும் விதம்தான் என்னை நிமிர்த்தி உட்காரவைத்தது. தரிசனமோ இடிமுழக்கமோ அந்த இடத்தில் இல்லை. ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நடப்பதுபோல் படிப்படியாக நடக்கிறது. விலை 17 சேக்கல் வெள்ளி. நாணயம் புழக்கத்துக்கு வராத காலம் என்பதால் தராசில் வைத்து எடை போட்டார்கள். ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம், ஆகவே 200 கிராமுக்குச் சற்றுக் குறைவான வெள்ளி. பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்திரத்தில் இரண்டு பிரதி. ஒன்று முத்திரையிட்டு மூடியது, இன்னொன்று திறந்தது. இதுவும் கற்பனையான ஏற்பாடு அல்ல. 1961இல் சாக்கடலுக்கு அருகே ஒரு குகையில் பபாத்தா என்ற யூதப் பெண்ணின் குடும்பப் பத்திரங்கள் கிடைத்தன. எரேமியாவுக்கு ஏழு நூற்றாண்டு பிந்தியவை. அவற்றிலும் ஒரே வாசகத்தை இருமுறை எழுதி, மேல்பகுதியைச் சுருட்டிக் கட்டி, கீழ்ப்பகுதியைத் திறந்து வைத்திருந்தார்கள். திறந்த பகுதி எடுத்துப் படிக்க. சந்தேகமோ தகராறோ வந்தால், மூடிய பகுதியைப் பிரித்துச் சரிபார்க்கலாம்.

எரேமியா அந்தப் பத்திரங்களை எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, ஒரு மண்பானைக்குள் வைக்கச் சொன்னார். நெடுங்காலம் கெடாமல் இருக்க வேண்டுமாம். காரணமும் சொன்னார். இந்த மண்ணில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சைத் தோட்டமும் விலைக்கு வாங்கப்படும் என்பது கடவுளின் வாக்கு. அந்த வாக்குக்கு எரேமியா கொடுத்த கையெழுத்துதான் அந்தப் பத்திரம்.

கையெழுத்துக்குப் பிறகு வந்த சந்தேகம்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருகிறது. பானை மூடப்பட்டு எல்லாரும் போன பிறகு, எரேமியா வேண்டுகிறார். உலகைப் படைத்தவரே, உம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்று அழகாகத் தொடங்குகிறது வேண்டுதல். முடிவில் குட்டு உடைகிறது. முற்றுகை மேடு மதில் வரை வந்துவிட்டது, நகரம் எதிரியின் கைக்குப் போகிறது, நீரே பார்க்கிறீர், இந்த நேரத்தில் என்னைப் போய் நிலம் வாங்கச் சொன்னீரே என்று கேட்டே விடுகிறார்.

பணத்தைக் கொடுத்து, கையெழுத்தைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் கேட்கிறார். சந்தேகம் தீர்ந்த பிறகு கீழ்ப்படியலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. சந்தேகம் வந்ததற்காகக் கடவுளும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நகரம் விழும் என்று நான் சொன்னது நடக்கிறதல்லவா, நன்மை செய்வேன் என்று சொன்னதும் அப்படியே நடக்கும் என்பதே பதிலின் சாரம்.

இந்தப் பதிலில் ஒரு நியாயம் இருக்கிறது. கசப்பானதை மறைக்காமல் சொன்ன வாய் நல்லதைச் சொன்னால் நம்பலாம். இரண்டே ஆண்டு என்று இனிக்க இனிக்கப் பேசிய அனனியாவின் சொல் அவனோடு போயிற்று.

நம்பிக்கைக்கும் வாக்கு மாறாமைக்கும் எபிரேய மொழியில் 'எமூனா' என்றொரு சொல் உண்டு. 'ஆமென்' பிறந்த அதே வேர். யாத்திராகமத்தில் ஒரு போர் நடக்கும்போது மோசே கைகளை உயர்த்தி நிற்கிறார். கை தளர்ந்தபோது இருவர் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க, சூரியன் மறையும்வரை கைகள் அசையாமல் நின்றன. அந்த 'அசையாமல்' என்ற இடத்தில் வரும் சொல் எமூனா. வாக்கு மாறாமை என்றால் பொழுது சாயும்வரை கையைக் கீழே போடாமல் இருப்பது.

128 பேர்

எரேமியாவுக்கு அந்த நிலம் கிடைத்ததா?

இல்லை. நகரம் விழுந்தது. கோவில் எரிந்தது. சிதேக்கியாவின் கண்முன்னே அவன் பிள்ளைகளைக் கொன்று, பிறகு அவன் கண்களைக் குருடாக்கினார்கள். எஞ்சியவர்கள் எகிப்துக்கு ஓடியபோது எரேமியாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்ததாக வேதாகமத்தில் இல்லை. 17 சேக்கல் கொடுத்து வாங்கிய மண்ணில் அவர் ஒரு செடி நட்டதாகவும் இல்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டால், இதுவும் அப்பாவின் வீடு மாதிரிதான். நல்லவேளை, எபிரேய வேதம் அங்கே முடியவில்லை.

கி.மு. 539இல் பாரசீக அரசன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். பாபிலோனியர் குலைத்த வழிபாட்டிடங்களைச் சீர்படுத்தி, மக்களை ஊர் திரும்ப விடுவது அவன் ஆட்சிமுறை. 1879இல் பாபிலோனில் தோண்டி எடுக்கப்பட்டு இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் களிமண் உருளையில் அது பதிவாகியிருக்கிறது. யூதாவின் பெயர் அதில் இல்லை. ஆனால் யூதர்களும் திரும்பினார்கள். எழுபது ஆண்டை எதிலிருந்து எண்ணுவது என்பதில் அறிஞர்களுக்குள் வேறுபாடு உண்டு. எரிந்த கோவில் கி.மு. 515 வாக்கில் மறுபடி எழும்பியது என்பதை வைத்துப் பார்த்தால், கணக்கு எழுபதுக்கு மிக அருகில் வருகிறது.

திரும்பியவர்களின் பட்டியல் எஸ்றா புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. யாரும் விரும்பிப் படிக்காத அதிகாரம். பெயரும் எண்ணிக்கையுமாக, வாக்காளர் பட்டியல் மாதிரி நீளும். நானும் கண்ணை ஓட்டிக்கொண்டு போனேன். 23ஆம் வசனத்தில் நின்றுவிட்டேன்.

ஆனதோத்தின் மனிதர், 128 பேர்.

ஒரு சிற்றூரின் பெயர், ஓர் எண்ணிக்கை. அவ்வளவுதான். எரேமியாவின் பெயர்கூட அங்கே இல்லை. நெகேமியா புத்தகமும் அதே 128ஐச் சொல்கிறது. பென்யமீனியர் மறுபடி குடியேறிய ஊர்களின் பட்டியலிலும் ஆனதோத் இருக்கிறது. அவரைக் கொல்லப் பார்த்த ஊர் அது. அந்த ஊரின் பேரப்பிள்ளைகள் 128 பேர், அவர் நம்பிப் பணம் கொடுத்த மண்ணுக்கு நடந்து வந்து சேர்ந்தார்கள்.

கடவுள் வாக்கை நிறைவேற்றினாரா என்று கேட்டால், ஆம் என்கிறது பட்டியல். வாங்கியவர் இருக்கும்போதா என்று கேட்டால், இல்லை. இரண்டையும் எபிரேய வேதம் ஒளிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. ஆபிரகாமின் கதையும் இப்படித்தான். முழு நாட்டையும் தருவதாக வாக்குப் பெற்றவர் அங்கே விலைக்கு வாங்கியதாகச் சொல்லப்படுவது மனைவியைப் புதைக்க ஒரு குகையும் அதை ஒட்டிய நிலமும்தான். அதற்கு அவர் கொடுத்தது 400 சேக்கல்.

டின்னுக்குத் திரும்புகிறேன்

அப்பாவின் வீடு என்றாவது கட்டப்படும் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அங்கே இன்னும் புதர்தான். அந்த வாக்கைக் கொடுத்தது ஒரு மனிதர், அதை மீறியதும் அவரேதான். பிடியாமல் போன அந்தக் கையெழுத்தைக் கடவுளின் கணக்கில் எழுதி, இருபது ஆண்டுக்கு மேல் அவரோடு முறைத்துக்கொண்டிருந்தது நான். அட்டை பொய் சொல்லவில்லை. ஒரு மக்கள் கூட்டத்துக்கு எழுபது ஆண்டு தாங்குவதற்காகக் கொடுத்த சொல்லை, எங்கள் வீட்டு முன்பணத்துக்கு உத்தரவாதமாகப் படித்தது நாங்கள்.

ஆனாலும் அப்பா ஏமாளி என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் காலை தேநீரோடு அம்மாவிடம் ஆனதோத் கதையைச் சொன்னேன். பிறகு வெகுநாளாக மனத்தில் இருந்ததைக் கேட்டேன்.

"அப்பா கடவுள்மேல கோபப்பட்டதே இல்லையாம்மா?"

"ஏன் படாம? ராத்திரியில எழுந்து உக்காந்து சண்டை போடுவாரு. ஏன் சாமி இப்படிச் செஞ்சன்னு அழுவாரு. ஆனா மாசம் பொறந்தா பேங்குக்குப் போயிடுவாரு. கையெழுத்துப் போட்டவன் நான்தானே, கட்டித்தானே ஆகணும்னு சொல்வாரு."

காவல் முற்றத்தில் பணத்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு தனியாகக் கேள்வி கேட்டவரை நினைத்துக்கொண்டேன். எழுந்துபோய்த் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினேன். அம்மாவுக்கு என் முகம் தெரிய வேண்டாம் என்று.

அந்த டிசம்பர் 31 இரவு, பல ஆண்டுக்குப் பிறகு அம்மாவோடு ஆராதனைக்குப் போனேன். அட்டையும் எடுத்தேன். என்ன வசனம் என்பது இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் அந்த அதிகாரம் முழுவதையும், அதற்கு முந்தின அதிகாரத்தையும் படித்தேன். அட்டை எடுக்கும் பழக்கமுள்ள குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். யாருக்கு, எப்போது, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள். வாக்கு அதனால் சிறுத்துவிடாது. நம்மைவிட நீளமானது என்று தெரியவரும்.

டின்னை வீசவில்லை. தாள்களை அடுக்கி வைத்தேன். முன்பு எல்லாவற்றுக்கும் மேலே அந்த அட்டை இருந்தது. இப்போது அதற்கும் மேலே 2009ஆம் ஆண்டின் கடைசித் தவணை ரசீதை வைத்திருக்கிறேன். என் மகனுக்கு ஆறு வயது. என்றாவது ஒருநாள் அவன் அந்த டின்னைத் திறப்பான். தாத்தாவைப் பற்றி அவன் முதலில் பார்க்க வேண்டிய தாள் அது.